எல்லைவரை போகும் மாதச் சீட்டு

ஜெர்மனிக்குப் படிக்க வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருடைய கைப்பேசியிலும் ஒரு பட்டியல் இருக்கும். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பிராக், வியன்னா, வெனிஸ், ரோம். செமஸ்டர் விடுமுறையில் பத்து நாள் ஒதுக்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டும் என்று திட்டம் போடுவோம். அப்படிப் போவதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் கார்ல்ஸ்ரூஹேயில் நான் முதுகலை படித்த காலத்தில் ஐரோப்பிய நகரங்களை எனக்குப் பழக்கிக் கொடுத்தவை அந்த மாதிரிப் பெரிய சுற்றுகள் இல்லை. சனிக்கிழமை காலையில் கிளம்பி ராத்திரி அறைக்கே திரும்பிவிடுகிற சின்னப் பயணங்கள்தான். தங்கும் செலவு கிடையாது. பெட்டி தூக்க வேண்டாம். பிடித்த ஊருக்கு அடுத்த மாதமே மறுபடி போகலாம். முதல் முறை பார்க்க வேண்டிய இடங்களைத் தேடி ஓடுகிறோம். இரண்டாம் முறை, மூன்றாம் முறை போகும்போதுதான் அந்த ஊரில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கண்ணில் படுகிறது.

கார்ல்ஸ்ரூஹே ஜெர்மனியின் தென்மேற்கில் இருக்கிறது. 1715-ல் கார்ல் வில்ஹெல்ம் என்ற சிற்றரசர் அரண்மனையை நடுவில் வைத்து, அதிலிருந்து தெருக்கள் விசிறியாகப் பிரியும்படி திட்டமிட்டு உருவாக்கிய ஊர். பக்கத்திலேயே ரைன் நதி. நதியோடு தெற்கே போனால் ஒரு கரை பிரான்ஸ், மறு கரை ஜெர்மனி. இன்னும் தெற்கே போனால் ஸ்விட்சர்லாந்து. பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் பாடத்திட்டத்தையும் கட்டணத்தையும்தான் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு இந்த மாநிலத்தில் 2017 முதல் செமஸ்டருக்கு 1500 யூரோ கட்டணம் உண்டு. அதனாலேயே பலர் வேறு மாநிலத்துக்குப் போய்விடுகிறார்கள், அதுவும் நியாயமான முடிவுதான். எந்த ஊராக இருந்தாலும், சேர்ந்த பிறகு வரைபடத்தை விரித்துவைத்து ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஆஹனில் படிப்பவர்களுக்கு நெதர்லாந்தும் பெல்ஜியமும் பக்கத்து ஊர்கள். டிரெஸ்டனில் இருந்தால் செக் குடியரசு. மியூனிக்கில் இருந்தால் சால்ஸ்பூர்க். ஊருக்கு ஊர் ஒரு எல்லை இருக்கிறது.

இதற்கெல்லாம் அடிப்படை டாய்ச்லாண்ட் டிக்கெட் என்கிற மாதச் சீட்டு. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமானது, 2025-ல் 58 ஆனது, 2026-ல் 63. ஜெர்மனி முழுவதும் ரீஜனல் ரயில், எஸ்-பான் என்கிற புறநகர் ரயில், ட்ராம், பஸ் எதில் வேண்டுமானாலும் ஏறலாம், ஐ.சி.இ., ஐ.சி. போன்ற வேக ரயில்களில் மட்டும் செல்லாது. மாணவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்களில் இது செமஸ்டர் கட்டணத்தோடு குறைந்த விலையில் சேர்ந்தே வரும். எங்கள் மாநிலத்தில் 27 வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்கு இதே சீட்டு இன்னும் மலிவாகத் தனியாக இருக்கிறது. ஒரு விஷயம் முக்கியம்: மாதச் சந்தாவை நிறுத்துவதென்றால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த மாதத்துக்கும் பணம் பிடிப்பார்கள். ஊருக்கு விடுமுறைக்குப் போகிறவர்கள் இதைத் தேதி குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

பலருக்குத் தெரியாத சங்கதி என்னவென்றால், இந்தச் சீட்டு எல்லைக்கு வெளியேயும் சில நிலையங்கள்வரை செல்லும். ஸ்விட்சர்லாந்துக்குள் இருக்கும் பாசல் பாடிஷர் நிலையம்வரை, பிரான்ஸில் விசெம்பூர்வரை, ஆஸ்திரியாவில் சால்ஸ்பூர்க்வரை. ரைனுக்கு அந்தப் பக்கம் பிரான்ஸில் இருக்கும் ஸ்ட்ராஸ்பூர்க் போவதென்றால், ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஜெர்மனியில் இருக்கும் கேல்வரை. நான் போன நகரங்களில் பாதிக்கு மேல் இப்படி மாதச் சீட்டின் நுனியில் இருந்தவைதான்.

ஸ்ட்ராஸ்பூர்க்கைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அது சொந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது. கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ஆஃபன்பூர்க் பக்கம் போகும் ரயிலில் ஏறி, வழியில் மாறி, கேலில் இறங்க வேண்டும். நிலையத்துக்கு வெளியே வந்தாலே ஸ்ட்ராஸ்பூர்க்கின் டி லைன் ட்ராம் நிற்கும். 2017-ல்தான் இந்த ட்ராம் ரைனைத் தாண்டி ஜெர்மனிக்குள் வந்தது. ஒரு பயணத்துக்கு ஏறத்தாழ இரண்டு யூரோ. சீட்டு எடுத்தால் மட்டும் போதாது, ட்ராமில் ஏறுவதற்கு முன்பே நிறுத்தத்தில் இருக்கும் இயந்திரத்தில் அதைப் பதிவு செய்ய வேண்டும். உள்ளே போய்ச் செய்துகொள்ளலாம் என்று ஏறிவிட்டால் உள்ளே அதற்கு வசதி இருக்காது, பரிசோதகர் வந்தால் அபராதம். நேரமும் வெயிலும் நன்றாக இருந்தால் ட்ராமே வேண்டாம். 2004-ல் கட்டிய நடைபாலம் ஒன்று இருக்கிறது, இரண்டு கரைப் பூங்காக்களையும் இணைக்கிறது. பாலத்தின் நடுவில் நின்றால் காலுக்குக் கீழே சரக்குப் படகுகள் போகும். இந்தக் கரைகள் இரண்டும் 1870-லிருந்து 1945-க்குள் மூன்று போர்களைப் பார்த்தவை; ஸ்ட்ராஸ்பூர்க் அந்தக் காலத்தில் பிரான்ஸிலிருந்து ஜெர்மனிக்கும் திரும்பவும் பிரான்ஸுக்கும் இரண்டு தடவை கைமாறியது. இன்று ஜெர்மனிக்காரர்கள் பிரெஞ்சு ரொட்டி வாங்க அந்தப் பக்கம் போகிறார்கள், பிரெஞ்சுக்காரர்கள் சோப்பும் ஷாம்பூவும் வாங்க இந்தப் பக்கம் வருகிறார்கள். அந்த ட்ராமில் மடியில் பைகளோடு உட்கார்ந்திருக்கும் வயதானவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகும்.

ஊரின் நடுவில் பேராலயம். ரோஸ் நிற மணற்கல்லில், 142 மீட்டர் உயரம், 1439-ல் கோபுரத்தை முடித்தார்கள். 1647 முதல் 1874 வரை உலகத்திலேயே உயரமான கட்டடம் இதுதான். இரண்டு கோபுரங்களுக்கு இடம் விட்டுவைத்து ஒன்றை மட்டுமே எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே போவதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் முதல் தடவை போகிறவர்கள் முகப்பைப் படம் பிடித்துவிட்டு, உள்ளே ஒரு சுற்று வந்துவிட்டு, பக்கத்தில் ‘பெத்தித் பிரான்ஸ்’ என்ற பழைய தெருக்களுக்கு ஓடிவிடுவார்கள். அவர்கள் விட்டுவிடுகிற ஒன்று தெற்குப் பக்கம் இருக்கும் வானியல் கடிகாரம்.

அதன் முன்னால் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். இப்போது ஓடுகிற இயந்திரம் 1840-களின் தொடக்கத்தில் ஷ்வில்கே என்பவர் செய்தது. ஒவ்வொரு கால் மணிக்கும் ஒரு பொம்மை வரும். முதல் காலுக்குக் குழந்தை, அரைக்கு இளைஞன், முக்காலுக்கு நடுவயது மனிதன், கடைசியில் கிழவன். நால்வரும் மரணத்தின் முன்னால் நடந்து போகிறார்கள். முழு மணியை அடிப்பது மரணம்தான், கையில் எலும்போடு. பகல் பன்னிரண்டரைக்குப் பெரிய காட்சி: மேல்தட்டில் பன்னிரண்டு சீடர்கள் வரிசையாக வந்து இயேசுவை வணங்கிப் போக, இடது பக்கம் இருக்கும் சேவல் இறக்கை அடித்து மூன்று தடவை கூவும். அந்தக் கூவல் காற்றுத் துருத்தியில் வருகிற கரகரப்பான சத்தம், பொம்மைச் சத்தம் மாதிரியே இருக்காது. ஏன் பன்னிரண்டரை என்றால், ஐரோப்பாவின் இந்தப் பகுதி கடைப்பிடிக்கும் நேரம் 15 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டது. ஸ்ட்ராஸ்பூர்க் எட்டுப் பாகைக்கும் சற்று மேற்கே இருக்கிறது. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வர ஏறத்தாழ அரை மணி பிந்துகிறது. இந்தக் கடிகாரம் ஊரின் சொந்த நண்பகலைத்தான் கொண்டாடுகிறது. நம்மூரில் 82.5 பாகையை வைத்து நாடு முழுவதற்கும் ஒரே நேரம் ஓட்டுவதும் இதே கணக்குதான். இந்தக் காட்சிக்குத் தனியாக ஒரு சின்னத் தொகைக்குச் சீட்டு வாங்க வேண்டும், அந்த நேரத்தில் மற்ற பார்வையாளர்களை உள்ளே விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டு நேரங்கள் வேறு, முன்பே இணையத்தில் பார்த்துக்கொண்டு போங்கள்.

இரண்டு இலவசங்களைச் சொல்லிவிடுகிறேன். ஊரின் அருங்காட்சியகங்களுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு கட்டணம் கிடையாது. வோபான் அணைக்கட்டின் மொட்டைமாடிக்கு ஏறவும் காசு வேண்டாம், அங்கிருந்து பார்த்தால் பழைய பாலங்களின் காவல் கோபுரங்களும் தூரத்தில் பேராலயமும் ஒரே வரிசையில் தெரியும். டிசம்பரில் இங்கே நடக்கும் கிறிஸ்துமஸ் சந்தை 1570-லிருந்து நடப்பது. அந்த மாதம் விடுதி விலை தாறுமாறாக ஏறிவிடும். கேலிலிருந்து ராத்திரி ரயில் இருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. வார நாள் சாயங்காலம் போனால் சந்துகளில் நடக்கவாவது முடியும். சனிக்கிழமை போனால் முடியாது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நம்மவர்கள் கேட்பார்கள். ஸ்ட்ராஸ்பூர்க் இருக்கும் அல்சாஸ் பகுதியின் பிரபலமான உணவு ஃப்ளாம்குவேஷ், மெல்லிய மாவில் கிரீமும் வெங்காயமும் போட்டு விறகடுப்பில் சுடுவது. பார்க்கச் சைவம் போலத் தெரியும், ஆனால் வழக்கமாகப் பன்றி இறைச்சித் துண்டுகள் கலந்திருக்கும். ‘சான் லார்தோன்’ என்று சொன்னால் அது இல்லாமல் தருவார்கள். நான் பெரும்பாலும் எலுமிச்சம் சாதமோ புளியோதரையோ கட்டிக்கொண்டுதான் போவேன். ஆற்றங்கரையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிடுவதை அங்கே யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை, பாதிப்பேர் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள். விசாவுக்காக முன்பே பணம் கட்டிவைக்கும் பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதம் 992 யூரோதான் வரும். அதில் வாடகை, காப்பீடு போக மிச்சத்தில் வாழ்கிறவர்களுக்கு உணவகத்தில் ஒரு வேளை சாப்பாடு என்பது இன்னொரு ஊருக்குப் போகிற ட்ராம் செலவு. குழாய்த் தண்ணீரை நம்பிக் குடிக்கலாம், பாட்டில் மட்டும் எடுத்துப் போங்கள். ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். பெரிய நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் மட்டும் விதிவிலக்கு.

இப்போது காகித விஷயங்கள். இவற்றில் அசட்டையாக இருக்கவே கூடாது.

ஜெர்மன் வதிவிட அட்டை வைத்திருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளில் (பொது விசா ஏற்பாட்டில் சேர்ந்திருக்கும் ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலும் 90 நாள்வரை தனி விசா இல்லாமல் தங்கலாம். படிப்புக்காக எடுத்துவந்த நீண்டகால விசாவுக்கும் இது பொருந்தும், அட்டை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் அட்டை மட்டும் போதாது, பாஸ்போர்ட்டும் கூடவே இருக்க வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைக் கொண்டுவந்தது. திரும்பி வரும் ரயிலில் காவலர்கள் ஏறுவது சாதாரணம். பெட்டி நிறைய ஆட்கள் இருக்க என்னிடம் மட்டும் காகிதம் கேட்டதும் உண்டு. அது வலிக்கும். நான் செய்ததெல்லாம் பாஸ்போர்ட்டையும் அட்டையையும் ஒரே உறையில் வைத்து, பையின் மேல் பகுதியில் கைக்கெட்டும்படி வைத்துக்கொண்டதுதான். கேட்டதும் எடுத்து நீட்டினால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

அட்டையைப் புதுப்பிக்க விண்ணப்பித்துக் காத்திருக்கும் நாட்களில் ஒரு தற்காலிகத் தாள் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு எல்லை தாண்டித் திரும்ப வரலாமா என்பது தாளில் எந்தச் சட்டப் பிரிவில் குறியிட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இதில் நண்பர்களின் அனுபவத்தை நம்பாதீர்கள், அவர்கள் தாளில் வேறு பிரிவு இருந்திருக்கலாம். வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கிலாந்தும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை, மலிவு விமானச் சீட்டைப் பார்த்ததும் வாங்கிவிடக் கூடாது. குரோஷியா 2023-லும், ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 தொடக்கத்திலும் முழுமையாக உள்ளே வந்துவிட்டன.

ஸ்விட்சர்லாந்தில் கூடுதலாக இரண்டு விஷயம் உண்டு. அது ஷெங்கனில் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. நம் ஜெர்மன் சிம் ஒன்றிய நாடுகளில் கூடுதல் செலவில்லாமல் ஓடும். ஸ்விட்சர்லாந்தில் அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. பாசலுக்குள் நுழையும்முன் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது இன்னும் முக்கியம். நம் மருத்துவக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம் ஐரோப்பியக் காப்பீட்டு அட்டையாக அச்சாகியிருக்கும். பிரான்ஸில் அது செல்லும். இந்தியக் குடிமக்களாகிய நமக்கு ஸ்விட்சர்லாந்திலும் டென்மார்க்கிலும் செல்லாது. ஸ்விஸ் மருத்துவமனைக் கட்டணம் மாணவர்களால் தாங்கக்கூடிய தொகை இல்லை. வருடத்துக்குச் சொற்பத் தொகையில் தனிப் பயணக் காப்பீடு கிடைக்கிறது, அதை எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். என்னோடு படித்தவர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பாசலுக்குப் போக ரீஜனல் ரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். ஃப்ரைபூர்க் தாண்டியதும் இடது பக்கம் கருங்காட்டு மலைகளும் திராட்சைத் தோட்டங்களும் கூடவே வரும். இந்தப் பாதையில் அடிக்கடி பராமரிப்பு வேலை நடக்கும். வார இறுதியில் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். 2017 ஆகஸ்டில் ராஷ்டாட் பக்கத்தில் சுரங்கப்பாதை தோண்டும்போது தண்டவாளம் தாழ்ந்துபோய் ஏழு வாரம் பாதையே மூடிக் கிடந்தது. அதனால் முதல்நாள் ராத்திரியும், கிளம்பும் காலையிலும் ஆப்பில் ஒரு முறை பார்த்துவிடுவது என் வழக்கம்.

பாடிஷர் நிலையத்தில் ஒரு விசித்திரம்: நிலையம் நிற்பது ஸ்விஸ் மண்ணில், நடத்துவது ஜெர்மன் ரயில்வே. வெளியே வந்து நடந்தாலே ரைன் கரைக்குப் போய்விடலாம். மறு கரையில் மேட்டின் மேல் சிவப்புக் கல் பேராலயம். அதற்குப் போக நான் பாலத்தில் நடப்பதில்லை, படகில்தான் போவேன். இந்த ஊரில் நான்கு படகுத்துறைகள் இருக்கின்றன. எந்தப் படகிலும் இன்ஜின் கிடையாது, துடுப்பும் கிடையாது. ஆற்றின் குறுக்கே உயரத்தில் ஒரு கம்பி கட்டியிருக்கிறது. படகிலிருந்து போகும் கயிறு அந்தக் கம்பியில் உருளும். படகோட்டி ஒரு மரக்கோலைத் திருப்பிப் படகை நீரோட்டத்துக்குச் சாய்வாக நிறுத்துகிறார், அவ்வளவுதான். ரைனின் வேகமே படகை மறு கரைக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. திரும்பி வரும்போது கோலை மறுபக்கம் மாற்றுகிறார். பலகையில் உட்கார்ந்தால் படகின் அடியில் தண்ணீர் உரசும் சத்தம் மட்டும் கேட்கும். கட்டணம் இரண்டு பிராங்க் அளவில்தான். ஸ்விட்சர்லாந்தில் இந்தக் காசுக்கு இவ்வளவு சந்தோஷம் வேறு எதிலும் கிடைக்காது.

படகிலிருந்து படியேறிப் பேராலயத்துக்குள் போனால் எராஸ்மஸ் என்ற அறிஞரின் கல்லறை இருக்கிறது. ரோட்டர்டாமில் பிறந்து, பாரிஸ், லண்டன், வெனிஸ் என்று ஊர் ஊராகப் போய்ப் படித்தும் எழுதியும் வாழ்ந்தவர். 1536-ல் இங்கே இறந்தார். 1987-ல் தொடங்கிய மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்கு இவர் பெயர்தான். நம்மூரிலிருந்து வருடா வருடம் எவ்வளவோ பேர் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறோம். கத்தோலிக்கக் குருவாக இருந்த ஒருவரைப் புராட்டஸ்டண்ட் ஆன ஊர் தன் பெரிய ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்திருக்கிறது. அந்தச் சிவப்புக் கல்வெட்டின் முன்னால் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டுத்தான் வருவேன்.

பாசலில் தமிழ் காதில் விழும். ஸ்விட்சர்லாந்தில் ஈழத்தமிழர்கள் 1980-களிலிருந்து வாழ்கிறார்கள். ஒரு நாள் ட்ராமில் அம்மாவோடு நான் போனில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு எதிர் இருக்கையிலிருந்த ஒரு அம்மா, “பிள்ளை, இந்தியாவோ? தனியவோ வந்தனீங்கள்?” என்று கேட்டார்கள். ஆமாம் அம்மா, படிக்கிறேன், ஊர் பார்க்க வந்தேன் என்றேன். “இஞ்ச ஒண்டும் வாங்கிச் சாப்பிடாதேங்கோ, சரியான விலை. எட்டாம் நம்பர் ட்ராமில ஏறி வைல் போங்கோ, அங்க ஜெர்மன் விலை” என்று சொல்லிவிட்டு, நான் மறுக்க மறுக்கப் பையிலிருந்து இரண்டு வடையை டிஷ்யூவில் சுற்றிக் கையில் வைத்துவிட்டுத்தான் இறங்கினார்கள். அவர்கள் சொன்ன ட்ராம் 2014 டிசம்பரிலிருந்து எல்லை தாண்டி வைல் ஆம் ரைன் வரைக்கும் போகிறது. அங்கே 2007-ல் கட்டிய நடைபாலத்தில் நடந்தால் பிரான்ஸின் ஹுனிங்கு. மூன்று நாட்டையும் ஒரே பிற்பகலில் கால்நடையாகவும் ட்ராமிலும் சுற்றிவிட்டு, வைலில் காய்கறி வாங்கிக்கொண்டு ரயில் ஏறலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் நான் அப்படித்தான் திரும்பினேன்.

இந்தப் பகுதியில் படிப்பவர்களுக்கு இன்னொரு கதவு திறந்திருக்கிறது, அதைப் பயன்படுத்துகிறவர்கள் ரொம்பக் குறைவு. யூகோர் என்ற கூட்டமைப்பு. கார்ல்ஸ்ரூஹே, ஃப்ரைபூர்க், பாசல், ஸ்ட்ராஸ்பூர்க், மேல் அல்சாஸ் ஆகிய ஐந்து பல்கலைக்கழகங்களும் 1989-லிருந்து இதில் சேர்ந்திருக்கின்றன. ஒன்றில் சேர்ந்த மாணவர் மற்ற நான்கிலும் கூடுதல் கட்டணம் இல்லாமல் பாடம் எடுக்கலாம், போய்வரும் செலவுக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கலாம். நான் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒரு பாடம் எடுத்தேன். வாரத்தில் ஒரு நாள் அங்கே மாணவியாகப் போனபோது ஊர் வேறு மாதிரித் தெரிந்தது. மாணவர் உணவகத்தில் வரிசையில் நின்றேன், நூலகத்தில் ஜன்னலோர இடம் பிடித்தேன், மழைக்கு எந்தக் கூரைக்குக் கீழே ஒதுங்கலாம் என்று தெரிந்துகொண்டேன். சுற்றுலாப் பயணியாக எத்தனை முறை போனாலும் அது கிடைக்காது. மதிப்பெண்ணை உங்கள் துறை ஏற்றுக்கொள்ளுமா என்பதை மட்டும் பாடம் தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

லக்சம்பர்க்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 மார்ச்சிலிருந்து அந்த நாடு முழுவதும் பஸ், ட்ராம், ரயிலின் இரண்டாம் வகுப்பு எல்லாம் இலவசம், வெளிநாட்டவருக்கும் சேர்த்து. மான்ஹைமிலிருந்து ட்ரியருக்கு ரீஜனல் ரயில், அங்கிருந்து லக்சம்பர்க் ரயில். எல்லைவரை மாதச் சீட்டு, அதற்கப்பால் சீட்டே வேண்டாம். கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ஒரே நாளில் போய் வருவது உடம்புக்கு ஆகாது, ட்ரியரில் ஒரு ராத்திரி தங்குவது நல்லது. ட்ரியரில் ரோமானியர் காலத்துக் கறுத்த கல் வாயில் ஊருக்கு நடுவில் இன்னும் நிற்கிறது. லக்சம்பர்க்கில் பள்ளத்தாக்குக்கும் மேல் நகரத்துக்கும் இடையே ஒரு கண்ணாடி லிஃப்ட் போகிறது, அதுவும் இலவசம்.

பாரிஸுக்கு மட்டும் நான் வேக ரயிலில் போனேன். கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து நேர் ரயில், இரண்டரை மணி நேரம். இரண்டு மூன்று மாதம் முன்பே எடுத்தால்தான் கட்டுப்படியாகும். இங்கே மாணவர்கள் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது: 26 வயது நிறையாதவர்களுக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் உரிமை இருந்தால், லூவ்ர், ஓர்சே அருங்காட்சியகங்களும் வெர்சாய் அரண்மனையும் இலவசம். குடியுரிமை வேண்டியதில்லை, ஜெர்மன் வதிவிட அட்டையைக் காட்டினால் போதும். லூவ்ருக்கு நேரத்தை மட்டும் முன்பதிவு செய்ய வேண்டும். காசு கொடுக்கவில்லை என்பதால் ஒரே நாளில் முழுவதையும் பார்த்துத் தீர்க்கும் அவசரம் இருக்காது. மூன்று அறை பார்த்துவிட்டு வெளியே வந்துவிடலாம், மறுநாள் வேறு மூன்று அறை. ரயில் வந்து நிற்கும் கிழக்கு நிலையத்திலிருந்து லா ஷப்பேல் பக்கம் நடந்தே போகலாம். அங்கே ஃபோபூர் சாந்தெனி தெருவில் தமிழ்ப் பெயர்ப் பலகைகள் வரிசையாக இருக்கும். இட்லி, கொத்து ரொட்டி, முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும். ஆகஸ்ட் கடைசியில் போனால் அந்தத் தெருக்களில் மாணிக்க விநாயகர் தேர் வருவதைப் பார்க்கலாம்.

பெண் பிள்ளை தனியாகப் போகலாமா என்று ஊரில் கேட்பார்கள். என் அம்மாவும் கேட்டார்கள். நான் போனேன், நிறையப் போனேன். சில ஒழுங்குகளை விடாமல் வைத்திருந்தேன். கடைசி ரயிலை நம்பித் திட்டம் போடுவதில்லை, அதற்கு முந்திய ரயில்தான் என் ரயில். கடைசி ரயில் ரத்தாகிவிட்டால் ராத்திரி நடுவழி நிலையத்தில் உட்கார வேண்டிவரும். ராத்திரியில் ஆள் இல்லாத பெட்டியில் உட்காருவதில்லை, ஓட்டுநர் அறையை ஒட்டிய முதல் பெட்டியில் நாலு பேர் இருக்கும் பக்கம் உட்காருவேன். கைப்பேசியின் இருப்பிடத்தை அறைத் தோழிக்குப் பகிர்ந்துவிட்டுத்தான் கிளம்புவேன். பவர் பேங்க் இல்லாமல் போனதே இல்லை, சீட்டும் வரைபடமும் திரும்பும் வழியும் அந்தக் கைப்பேசிக்குள்தானே இருக்கிறது. குளிர்காலத்தில் நாலரைக்கே இருட்டிவிடும், அப்போது காலை ஆறு மணி ரயில். ஜூனில் ஒன்பதரைவரை வெளிச்சம் இருக்கும், பத்து மணிக்குக் கிளம்பினாலும் போதும். அம்மாவுக்குப் போகும் ஊரின் பெயரையும் ரயில் நேரத்தையும் முன்பே அனுப்பிவிடுவேன். ஒரு கட்டத்தில் “பாசல் ரயில் இன்னிக்கு லேட்டா?” என்று அவர்களே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஹைடல்பெர்க்குக்கு எல்லோரும் கோட்டையைப் பார்க்கத்தான் போவார்கள். பாருங்கள், ஆனால் ஆற்றின் எதிர்ப்பக்கம் மலைச்சரிவில் போகும் தத்துவஞானிகள் பாதையிலிருந்து பாருங்கள். கோட்டையும் பழைய பாலமும் ஊரும் சேர்ந்து தெரிவது அங்கிருந்துதான், கட்டணமும் இல்லை. 1386-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அதன் தெற்காசிய நிறுவனத்தில் தமிழ் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது புதிதாக வந்து சேருகிற தங்கச்சி, தம்பிகள் முதல் பயணத்துக்கு எந்த ஊர் என்று கேட்டால் நான் ஸ்ட்ராஸ்பூர்க்கையோ பாசலையோ சொல்வதில்லை. விசெம்பூர் போய்விட்டு வரச் சொல்கிறேன். விண்டன் நிலையத்தில் ரயில் மாறினால் மாதச் சீட்டிலேயே பிரான்ஸுக்குள் போய் இறங்கலாம். லௌட்டர் என்ற சின்ன ஆறு வீடுகளை ஒட்டி ஓடும், பழைய மதில் சுவரை ஒட்டி நடக்கலாம், ஊரின் அளவுக்குப் பொருந்தாத பெரிய கோதிக் ஆலயம் ஒன்று இருக்கிறது. அரை நாளில் முழு ஊரையும் நடந்துவிடலாம். எல்லை தாண்டுவது, பாஸ்போர்ட் உறை, ரயில் மாறுவது, டப்பாச் சோறு, கடைசி ரயிலுக்கு முந்திய ரயிலைக் குறித்துவைப்பது எல்லாமே அந்த ஒரு நாளில் கைக்குப் பழகிவிடும். அடுத்த சனிக்கிழமை கேல்.